ஃபார்மேட் போடும் முன்

"கம்ப்யூட்டர் போயிருச்சுப்பா. கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு."

கார்த்திகை அடைமழைக்கு நடுவே தங்கச்சிமடத்திலிருந்து சித்தியின் போன். சித்தி வீட்டில் மல்லிகை நாற்றுப் போடுகிறார்கள். ராமேஸ்வரம் தீவின் மணலில் வேர்விட்ட மல்லிகை நாற்றை வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போவார்கள். யார் எத்தனை நாற்று சொல்லியிருக்கிறார், முன்பணம் எவ்வளவு, லாரி எந்தக் கிழமை வரும் என்பதெல்லாம் கூடத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில். கூடவே பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள், தாத்தா நடமாடிக்கொண்டிருந்த காலத்துப் படங்கள்.

முந்தின இரவு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. "கணினியை அணைக்காதீர்கள்" என்று திரையில் இருக்கும்போதே கரண்ட் போயிருக்கிறது. வந்திருக்கிறது, மறுபடியும் போயிருக்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் சின்னம் வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, நீலத்திரை வருகிறது, தானாக அணைந்து திரும்பவும் முதலிலிருந்து. சித்தி மகன் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறான். "ஓஎஸ் போச்சு, ஃபார்மேட் போட்டு புதுசா அடிச்சிரலாம், கொண்டு வா" என்று பதில். ஓஎஸ் என்றால் கணினியை இயக்கும் விண்டோஸ். ஃபார்மேட் என்றால் டிஸ்க்கை முழுசாகத் துடைப்பது. பெட்டியைத் துணியில் கட்டி பஸ்ஸில் ஏற்ற இருந்தார்கள்.

"எங்கேயும் கொண்டு போகாதீங்க சித்தி. சுவிட்சையும் போட வேண்டாம். நான் வர்றேன்" என்றேன். உச்சிப்புளியிலிருந்து பாம்பன் பாலம் தாண்டினால் தங்கச்சிமடம்தான்.

இப்படி அவசரப்பட்டு ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே நிலை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் பளிச்சென்று புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் அப்பாவின் கடைசி மூன்று வருடப் படங்கள் ஒன்றுகூட இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அந்தப் படங்களை அழித்தது பழுது அல்ல, பழுதுபார்ப்பு. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இதை எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே ஆசை.

ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர்

"ஓஎஸ் போச்சு" என்று சொல்லும்போது என்ன போயிருக்கிறது? முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வகைக் கோப்புகள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸுக்குச் சொந்தமானவை. கணினியை எழுப்புவது, திரையில் காட்டுவது, விசைப்பலகையில் தட்டியதைப் புரிந்துகொள்வது, பிரிண்டரோடு பேசுவது எல்லாம் இவற்றின் வேலை. பெரும்பாலும் சி டிரைவில் விண்டோஸ் என்ற அடைவுக்குள் இருக்கும். ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் இவை உங்களுடைய கணினியில் மட்டும் இருப்பவை அல்ல. உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகளில் இதே கோப்புகள்தான் இருக்கின்றன. போனால் மைக்ரோசாஃப்டிடமிருந்து திரும்பவும் கிடைக்கும்.

இன்னொன்று உங்களுடையவை. படங்கள், கணக்குகள், பிள்ளையின் புராஜெக்ட், ஸ்கேன் செய்துவைத்த பட்டா. இவை யூசர்ஸ் என்ற அடைவுக்குள் உங்கள் பெயரில் இருக்கும். இவை உலகத்தில் வேறெங்கும் இல்லை. போனால் போனதுதான்.

கணினி எழும்பாமல் நிற்பது அநேகமாக முதல் வகையில் ஏதோ ஒன்று கெட்டுப்போனதால். இரண்டாவது வகை அப்படியே, ஒரு எழுத்துக்கூடக் குலையாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கதவு இறுகிக்கொண்டால் உள்ளே இருக்கும் நகை காணாமல் போய்விட்டது என்று யாரும் அழுவதில்லை. இங்கேயும் இறுகியிருப்பது கதவுதான்.

2024 ஜூலை 19-ஆம் தேதி விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் ஒரே நேரத்தில் ஸ்தம்பித்தது நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பில் பிழை. அது விண்டோஸின் அடிமட்டத்தோடு சேர்ந்து ஓடுகிற மென்பொருளுக்கு உரியது என்பதால் விண்டோஸே எழும்ப முடியாமல் நீலத்திரையில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோட் என்ற குறைந்தபட்ச நிலையில் கணினியை எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு, திரும்ப ஆன் செய்வது. உள்ளே இருந்த ஆவணங்களை யாரும் அழிக்கவில்லை. ஒரு கோப்புக்காக முழு டிஸ்க்கையும் துடைக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோப்பு எப்படிக் கெடுகிறது?

கோப்பு என்பது எண்களின் நீண்ட வரிசை. அந்த வரிசையில் சில எண்கள் மாறிப்போனாலோ, பாதிக்கு மேல் எழுதப்படாமல் நின்றாலோ, அதைத்தான் 'கரப்ட்' ஆகிவிட்டது என்கிறோம். படக் கோப்பில் இப்படி நடந்தால் படத்தில் ஒரு கோடு விழும். கணினியை எழுப்பும் கோப்பில் நடந்தால் அது மேற்கொண்டு போகாமல் நின்றுவிடும். தப்பான கட்டளையை நம்பி ஓடி உங்கள் கோப்புகளையும் குலைப்பதைவிட நின்றுவிடுவது நல்லது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நீலத்திரை வந்தால் பதறுகிறோம், ஆனால் அது ஒரு பாதுகாப்பு. விண்டோஸ் 11-இல் 2025-இலிருந்து இந்தத் திரையைக் கருப்பாக மாற்றிவிட்டார்கள். கருப்பாக வந்தாலும் சங்கதி அதேதான்.

நம் கடற்கரையில் முதல் காரணம் கரண்ட். நீங்கள் 'சேவ்' கொடுத்ததும் எல்லாம் அந்த நொடியே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. கொஞ்சம் தற்காலிக நினைவகத்தில் நிற்கும், பிறகு எழுதப்படும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை இதற்கு ஓரளவு தயாராகவே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும், கரண்ட் திரும்ப வந்ததும் அதைப் பார்த்துத் தன் அடுக்கைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அது காப்பாற்றுவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான். கோப்புக்குள் இருக்கும் சரக்கு முழுசாக வந்து சேர்ந்ததா என்பதற்கு அது பொறுப்பில்லை. விண்டோஸ் புதுப்பிக்கப்படும் நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றப்படுகின்றன. சித்தி வீட்டில் கரண்ட் போனது சரியாக அந்த நேரம்.

"இன்வெர்ட்டர் இருக்கே, ஃபேன் நிக்காமத்தானே ஓடுச்சு" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. ஃபேன் ஒரு கண் சிமிட்டும் நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கணினியால் அது முடியாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன நேரத்திலேயே அணைந்து, திரும்ப எழும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் சாதாரண நிலை, இன்னொரு பக்கம் யுபிஎஸ் நிலை. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் வெகுவாகக் குறையும். சித்தி வீட்டில் அது வாங்கிய நாளிலிருந்தே சாதாரண நிலையில்தான் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருமுறை பாருங்கள். பேட்டரி செத்துப்போன மடிக்கணினியை சார்ஜரில் செருகியே ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பேட்டரி இல்லாத மடிக்கணினி, மேசைக் கணினி மாதிரிதான்.

அடுத்தது உப்புக்காற்று. மண்டபம் ஊரில் புதிதாக மாட்டிய ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். அதே காற்றைத்தான் கணினியின் ஃபேனும் உள்ளே இழுக்கிறது. ரேம் என்ற தற்காலிக நினைவகத்தைச் செருகும் இடத்திலும் டிஸ்க்கின் கேபிள் முனையிலும் மெல்லிய படலம் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அப்போது தெரியும் அறிகுறிகள் கோப்பு கெட்டது போலவே இருக்கும். ரேம் பழுதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நல்ல கோப்பைக்கூடத் தப்பாக வாசித்து, தப்பாகவே திரும்ப எழுதிவைக்கும். அதனால் எத்தனை முறை புது விண்டோஸ் போட்டாலும் பத்து நாளில் மறுபடி விழுகிற கணினியில் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ரேமையும் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, டிஸ்க்கே வயசாகிப் போவது. தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்த முதல் வருடங்களில் வந்தவற்றைச் சிலர் இன்னமும் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் இருப்பது தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். தட்டில் சில இடங்கள் செத்துப்போகும். அங்கே விண்டோஸின் கோப்பு இருந்தால் கதை முடிந்தது. வைரஸ், 'கணினியை வேகமாக்குகிறேன்' என்று சொல்லி வரும் இலவச மென்பொருள்கள், எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட திருட்டு விண்டோஸ், இவையும் காரணங்கள்தான். ஆனால் இங்கே நான் பார்த்தவற்றில் கரண்ட்தான் முன்னே நிற்கிறது.

முதலில் சரக்கை இறக்குங்கள்

தண்ணீர் ஏறும் படகு கரைக்கு வந்தால் முதலில் வலையையும் மீனையும் இறக்குவார்கள். ஆணி அடிப்பது அப்புறம்தான். கணினிக்கும் அதே வரிசை. எந்தப் பழுதுபார்ப்பும் தொடங்கும் முன் உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு விண்டோஸ் எழும்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

அதற்கு முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று தட்டுகிற சத்தம் வந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள். அது கோப்புச் சிக்கல் இல்லை, டிஸ்க் சாகிற சத்தம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கூடுதல் சேதம் ஆகலாம். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் தரவு மீட்பு மட்டுமே செய்கிறவர்களிடம் கொண்டு போக வேண்டும். வேறு எதையும் முயல வேண்டாம்.

சத்தம் எதுவும் இல்லையா? சரி, மேலே போவோம். விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழும்பத் தவறினால் அடுத்த முறை தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். போகவில்லை என்றால், சின்னம் தெரியும்போது பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைக்கவும். இப்படி இரண்டு முறை செய்து மூன்றாவது முறை விட்டுவிட்டால் நீல நிறத்தில் சில பெரிய கட்டங்களோடு ஒரு திரை வரும். இது விண்டோஸுக்கு வெளியே, டிஸ்க்கின் தனி மூலையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு குட்டி விண்டோஸ். பெரியது விழுந்தாலும் இது பெரும்பாலும் நிற்கும்.

அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'கமாண்ட் பிராம்ப்ட்'. கருப்புத் திரை திறக்கும். அங்கே நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். சாதாரண நோட்பேட் வரும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' போனால் ஒரு ஜன்னல் திறக்கிறதே, அதற்குள் உங்கள் டிரைவுகள் எல்லாம் தெரியும். கீழே கோப்பு வகை என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எழுத்துக் கோப்புகள் மட்டும்தான் தெரியும். யூசர்ஸ் அடைவுக்குள் உங்கள் பெயருக்குப் போய், வேண்டிய அடைவின் மேல் வலது சொடுக்கு, 'காப்பி'. செருகியிருக்கும் பென்டிரைவுக்குப் போய் 'பேஸ்ட்'.

இதை முதல்முறை செய்து பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. செத்துவிட்டது என்று நினைத்த கணினியிலிருந்து படம் படமாக வெளியே வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று இந்த ஜன்னல் காட்டாது, உறைந்துபோனது போல நிற்கும். பொறுமையாக விட்டுவிடுங்கள். பெரிய அடைவை ஒரே மூச்சில் எடுக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். இந்தத் திரையில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 'டெஸ்க்டாப்' அடைவு காலியாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பெயரில் இருக்கும் அடைவுக்குள்ளும் பாருங்கள்.

மீட்புத் திரையே வரவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கக்கூடிய உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை வேறு கணினியில் ஒரு பென்டிரைவில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பழுதான கணினியை எழுப்பலாம். இரண்டும் இலவசம். நிறுவாமலே பயன்படுத்திப் பார்க்கும் வசதி அதில் உண்டு. அதை மட்டும் எடுங்கள், தவறியும் 'இன்ஸ்டால்' பக்கம் போகாதீர்கள். உங்கள் டிஸ்க் அங்கே ஒரு சாதாரண அடைவு போலத் திறக்கும்.

புதிய மடிக்கணினிகளில் ஒரு பூட்டு உண்டு. பிட்லாக்கர் என்று பெயர். பலவற்றில் நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் 48 இலக்கச் சாவி எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே உள்நுழைந்து அதைப் பார்க்கலாம். கணினி நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுவது உத்தமம்.

சித்தி வீட்டில் கணக்கு அடைவு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. படங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகி ஒரு படத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் எழுந்து தேநீர் போடப் போனார்.

தாய்ச்செடியும் நாற்றும்

இனி பழுது. மீட்புத் திரையில் இருக்கும் வழிகளை லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள்.

'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கணினி எழும்பத் தேவையான சில கோப்புகளைத் தானே பார்த்துச் சரிசெய்யும். சில சமயம் இது போதும். போதவில்லை என்றால், புதுப்பித்தலுக்குப் பிறகு வந்த பழுது என்று தெரிந்தால், 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' எடுங்கள். கடைசியாக வந்ததைப் பின்வாங்கிவிடும். 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்பது கணினியை முன்பு குறித்துவைத்த ஒரு நாளின் நிலைக்குக் கொண்டு போகும். உங்கள் படங்களையும் கணக்குகளையும் தொடாது. அந்த நாளுக்குப் பிறகு போட்ட மென்பொருள்கள் மட்டும் போய்விடும். ஆனால் இந்த வசதி பல கணினிகளில் அணைக்கப்பட்டே இருக்கும், அப்படியென்றால் திரும்பிப் போக நாள் எதுவும் இருக்காது.

சித்தி வீட்டில் இரண்டாவது வழியிலேயே கணினி எழுந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. எழுந்துவிட்டது என்பதற்காக எல்லாக் கோப்பும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்னும் எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று விண்டோஸையே தேடச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது தோட்டமே கை கொடுத்தது.

தோட்டத்தில் தாய்ச்செடிகளைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து குச்சி வெட்டித்தான் நாற்று வருகிறது. பாத்தியில் ஒரு நாற்று அழுகிப்போனால் பிடுங்கிவிட்டு, தாய்ச்செடியிலிருந்து இன்னொரு குச்சி. விண்டோஸுக்குள்ளும் ஒரு தாய்ச்செடிப் பாத்தி இருக்கிறது. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற அடைவு. முக்கியமான கோப்புகளின் நல்ல பிரதிகள் அதில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கோப்பும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான கைரேகை போன்ற ஒரு குறியீடும் உண்டு. எஸ்எஃப்சி என்ற கருவி பாத்தி பாத்தியாக நடந்து ஒவ்வொரு கோப்பின் கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாததைப் பிடுங்கிவிட்டு நல்ல பிரதியை வைக்கும்.

தாய்ச்செடிக்கே நோய் வந்துவிட்டால்? அங்கிருந்து எத்தனை குச்சி வெட்டினாலும் அழுகல்தான். அப்போது வெளியிலிருந்து நல்ல செடி கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஸ்ம் என்ற இன்னொரு கருவி. மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து நல்ல கோப்புகளை இறக்கித் தாய்ச்செடிப் பாத்தியைச் சரிசெய்யும். அதனால்தான் இதற்கு இணையம் வேண்டும். அதனால்தான் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி அடுத்து. வரிசையை மாற்றி ஓட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டவர்கள் பலர்.

"இத முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல" என்றார் சித்தப்பா.

செய்வது சுலபம். ஸ்டார்ட் பொத்தான் பக்கத்தில் தேடும் இடத்தில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வருவதன் மேல் வலது சொடுக்கி, நிர்வாகியாக இயக்கும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருப்புத் திரையில், எல்லாமே ஆங்கில எழுத்தில், முதலில் டிஸ்ம் என்பதற்கான நாலு எழுத்து, டிஐஎஸ்எம். ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு ஒட்டியபடி ஆன்லைன். இன்னொரு இடைவெளி விட்டு, சாய்கோடு ஒட்டியபடி கிளீனப், ஒரு சிறுகோடு, இமேஜ். மறுபடி இடைவெளி, சாய்கோடு ஒட்டியபடி ரெஸ்டோர்ஹெல்த், இது ஒரே சொல்லாக. என்டர். சாய்கோடு என்பது கேள்விக்குறி இருக்கும் விசையில் இருப்பது, மற்றது இல்லை. இது முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஒட்டியபடி ஸ்கேன்நவ், அதுவும் ஒரே சொல்.

இரண்டும் நடுவில் நகராமல் நிற்பது போலத் தோன்றும். மூடிவிடாதீர்கள். தீவில் போன் ஹாட்ஸ்பாட் வைத்து டிஸ்ம் ஓட்டியதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் எஸ்எஃப்சி பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்லும். எந்தக் கோளாறும் இல்லை என்னும். அல்லது கெட்டவை இருந்தன, சரிசெய்துவிட்டேன் என்னும். அல்லது சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்னும். எங்களுக்கு இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தால் கணினியைத் திரும்ப ஆன் செய்து இரண்டையும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இந்த வின்எஸ்எக்ஸ்எஸ் அடைவு பல ஜிபி அளவுக்குத் தெரியும். இடம் போதவில்லை என்று அதை அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாய்ச்செடியை வெட்டி அடுப்பெரிப்பது அது. மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் இன்ன டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று செய்தி வந்ததும் அந்த ஒரு கோப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவதும் வேண்டாம். யார் தோட்டத்துக் குச்சி என்று தெரியாமல் நடுவதற்குச் சமம், வைரஸும் கூடவே வரலாம்.

அதற்கும் மேலே

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே திரும்பப் போட வேண்டியதுதான். அப்போதும் ஃபார்மேட் கடைசி. விண்டோஸ் 11 எழும்புகிற நிலையில் இருந்தால் அமைப்புகளில் 'ரிக்கவரி' என்ற பகுதியில், விண்டோஸ் அப்டேட் மூலம் இதே பதிப்பைத் திரும்ப நிறுவும் வசதி இருக்கிறது. உங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். எழும்பவே இல்லை என்றால் மீட்புத் திரையில் 'ரீசெட் திஸ் பிசி'. அங்கே இரண்டு கேள்வி வரும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதையே எடுங்கள். உங்கள் கோப்புகள் தங்கும், மென்பொருள்கள் போகும். தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பிரிண்டர் டிரைவர் எல்லாம் திரும்பப் போட வேண்டியிருக்கும், முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி, புது விண்டோஸை இணையத்திலிருந்து இறக்குவதா, உள்ளே இருப்பதையே எடுப்பதா என்பது. கெட்டுப்போனது உள்ளே இருப்பதுதான் என்பதால் இணையம் நல்லது, ஆனால் 4 ஜிபிக்கு மேல் செலவாகும்.

இதுவும் முடியாதபோதுதான் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை எழுதி முழுசாகப் போடுவது. பென்டிரைவில் முன்பு இருந்தது அழிந்துவிடும், உங்கள் படங்களை எடுத்து வைத்த அதே பென்டிரைவை இதற்கு எடுத்துவிடாதீர்கள். கணினியோடு முறையாக வந்த விண்டோஸ் என்றால் உரிமம் அந்த இயந்திரத்தோடு இணைந்திருக்கும், திரும்பப் போட்டு இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் தானாகவே செயல்படும். பழைய விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முழுசாகப் போடும் நிலை வந்தால் உங்கள் கணினி 11-ஐத் தாங்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தாங்காத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்டே எனக்குத் தெரிந்து நல்ல வழி.

யாராவது ஏற்கெனவே ஃபார்மேட் போட்டுவிட்டால் அந்தக் கணினியில் ஒன்றும் செய்யாமல் உடனே அணைத்துவிடுங்கள். சுழலும் டிஸ்க் என்றால், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத வரை பழையவற்றில் ஒரு பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு இது தெரியவந்தபோது எங்கள் டிஸ்க்கில் ஆறு மாதம் புதுக் கோப்புகள் எழுதியாகிவிட்டது.

அன்று தங்கச்சிமடத்தில் வேலை முடியும்போது இருட்டிவிட்டது, வாடைக்காற்று விடவில்லை. கிளம்பும் முன், 'சிஸ்டம் ரெஸ்டோர்' வேலை செய்யத் தேவையான 'சிஸ்டம் ப்ரொடெக்ஷன்' வசதியை ஆன் செய்து, அன்றைய நிலையைக் குறித்துவைத்தேன். இன்வெர்ட்டர் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினேன். மறுவாரம் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்கினார்கள். கூடவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை தோறும் சித்தி மகன் கணக்கையும் படங்களையும் அதில் ஏற்றிவிட்டு, உப்புக்காற்று படாமல் மூடி இறுகும் டப்பாவில் போட்டு, சித்தியிடம் கொடுத்துவிடுகிறான். வீட்டுப் பத்திரமும் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் இருக்கும் தட்டில்தான் சித்தி அதையும் வைத்துப் பூட்டுகிறார்.